வீட்டுக் கூரையில் சோலார்: மானியத்தைப் பெறும் முறை

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வீட்டுக் கூரையில் சோலார் பேனல் அமைப்போருக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் அதிகபட்சமாக 78,000 ரூபாயும் ஒன்றிய அரசு மானியமாக வழங்குகிறது. எனவே, மானியத்தை மட்டும் எண்ணி 3 கிலோவாட்டுக்கு மேல் போவதில் பயனில்லை.

முதலில் மின் கட்டண ரசீதைக் கையில் எடுத்து, இணைப்பு யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இணைப்பு இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. பிறகு, இத்திட்டத்துக்கான தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனல் மட்டுமல்லாமல், அதிலுள்ள சோலார் செல்களும் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடுகள்) இந்தியாவில் தயாரிக்கப்பட்டவையாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும் என்பதால், விலைப்புள்ளியிலேயே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இறக்குமதிப் பேனலுக்கு மானியம் இல்லை.

மின்வாரியம் ஆய்வு செய்து நெட் மீட்டரை (மின்வாரியத்திடமிருந்து வாங்கும் மின்சாரத்தையும் அதற்குத் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்திய பின், வங்கிக் கணக்கு விவரங்களை இணையதளத்தில் பதிவேற்றினால் மானியம் நேரடியாக உங்கள் கணக்கில் வரவாகும். அதுவரை முழுத் தொகையையும் நீங்களே புரட்ட வேண்டியிருக்கும். இதற்கெனப் பொதுத்துறை வங்கிகள் பிணையமின்றிக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலைப்புள்ளி வைத்திருப்போர் புதிதாகக் கேட்பது நலம். வருமான வரியில் வீட்டுக்காரருக்கெனத் தனிக் கழிவு எதுவும் இல்லை. உண்டென்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.