12 பாருக்குள் புதுசு எது? காதால் கண்டுபிடிக்க ஒரு வழி

என்னிடம் கிதார் கற்க வரும் பிள்ளைகள் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கேட்டுவிடுவார்கள்: "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதானே இருக்கு சார், இதுல யார் என்ன புதுசா செஞ்சாங்க?" நியாயமான கேள்விதான். வெண்பா இலக்கணம் தெரியாதவருக்குக் காளமேகம் செய்த சேட்டை பாதிதான் புரியும். இங்கும் அப்படித்தான், சட்டகம் முதலில் காதில் ஏற வேண்டும்.

அதனால் எண்ணப் பழகுங்கள். ப்ளூஸ் ஒரு சுற்று பெரும்பாலும் 12 பார்; பார் என்றால் தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் மாதிரி, பாருக்கு நான்கு தட்டு. எஃப் ஸ்கேல் (எஃப் என்ற ஸ்வரம்தான் ஆதாரம்) என்றால் முதல் நான்கு பார் எஃப் கார்டைச் சுற்றியே இருக்கும்; கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள். ஐந்தாவதில் பி ஃபிளாட், ஏழாவதில் மறுபடி எஃப், கடைசி நான்கு பாரில் சி வழியாக எஃப்புக்கு வந்து சேரும். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945இல் பதிவு செய்த 'நௌஸ் த டைம்' இதற்கு நல்ல அளவுகோல். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஐந்தாவது பாரில் கார்டு மாறுவது எண்ணாமலே தெரியும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இப்போது அதே பார்க்கர் 1951இல் வாசித்த 'ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்'. அதே எஃப், அதே 12 பார். ஆனால் முதல் நான்கு பார் சும்மா நிற்பதில்லை. கிதாரில் பேஸ் நோட்டை (கார்டின் அடி ஸ்வரத்தை) மட்டும் பிடித்துப் பாருங்கள்: முதல் பார் எஃப், இரண்டாவது ஈயில் தொடங்கும், மூன்றாவது டி, நான்காவது சி. படிப்படியாக இறங்கி ஐந்தாவது பாரில் எங்கே வந்து நிற்கிறார்? பி ஃபிளாட்! பழைய ப்ளூஸ் நிற்கிற அதே இடம். வழியை முழுக்க மாற்றிவிட்டு, சேரும் இடத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். பார்க்கரின் பட்டப்பெயர் 'பேர்ட்', அதனால் இந்தக் கார்டு வரிசைக்கு 'பேர்ட் ப்ளூஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஜாஸ் படிக்கிறவர்கள் இன்றும் இதை உருப்போடுகிறார்கள்.

ஒரு பாட்டில் புதுமை இருக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்விகள் இவைதான்: எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார், பின்னால் வந்தவர்கள் அதைக் கற்றே ஆக வேண்டியிருந்ததா?

மாற்றம் கார்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே 1951இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் பதிவு செய்த 'ஸ்ட்ரெயிட், நோ சேஸர்' கேளுங்கள். ஒரு துண்டு மெட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் வெவ்வேறு தட்டில் தொடங்கி. எண்ணாமல் கேட்டால் 'சொன்னதையே சொல்கிறாரே' என்று தோன்றும்.

சேர்ப்பது மட்டும் புதுமையில்லை, குறைப்பதும்தான். பார்க்கரின் அந்த 1945 'நௌஸ் த டைம்' பதிவில் ட்ரம்பெட் ஊதிய 19 வயதுப் பையன் மைல்ஸ் டேவிஸ். 1959இல் அவரே 'ஆல் ப்ளூஸ்' செய்தபோது கார்டுகளைக் குறைத்து, தாளத்தை ஆறெட்டுக்கு (பாருக்கு ஆறு தட்டு) மாற்றி, சோலோ வாசிப்பவருக்கு நிறைய இடம் விட்டார். இங்கேயும் 12 பார்தான். பத்தாவது பாரில் கார்டு அரை ஸ்வரம் ஏறி உடனே இறங்கும், அதைத் தவற விடாதீர்கள்.

அப்புறம், ஒலி. சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் 1952இல் பதிவு செய்த 'ஜூக்' வாத்திய இசை. ஹார்மோனிகாவையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஆம்ப் (ஒலிபெருக்கி) கரகரக்கும்படி ஊதினார். மைக்கில் ஊதியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் அந்தக் கரகரப்பையே வாத்தியத்தின் குரலாக்கியவர் இவர். முதலில் செய்தது யார் என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. அவருக்குப் பின் ப்ளூஸ் ஹார்மோனிகா பழகுகிறவர்கள் மைக் பிடிக்கவும் சேர்த்துப் பழக வேண்டியதாயிற்று, அது போதும்.

வேகத்தை மட்டும் புதுமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பாருக்குள் எத்தனை நோட்டு திணித்தாலும் அது கை சாமர்த்தியம்தான். ப்ளூஸ் மேல் வேறொரு நாட்டு வாத்தியத்தை ஏற்றிவிட்டு 'ஃப்யூஷன்' என்று அட்டையில் போடுவதும் அப்படியே. அந்த வாத்தியத்தை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பாட்டில் ஒன்றும் மாறவில்லை என்றால் அது அலங்காரம்.

ஒரு எச்சரிக்கை. ஜான் லீ ஹூக்கரின் 1948 பதிவு 'பூகி சில்லன்' வந்தால் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். கிதார் ஒரே கார்டில் நிற்கும், கூடவே காலால் தட்டும் சத்தம். தோன்றிய இடத்தில் அடியை நீட்டுவார், குறைப்பார். 12 எண்ணினால் உங்களுக்குத்தான் தலைவலி.