ஸீப்ரா மீன் முட்டையில் மரபணுக்களைக் கடிகாரம் வைத்துப் பின்தொடர்வது எப்படி

வளரும் கருவில் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களை ஆளும் மரபணுக்களையும், பின்னாளில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் பாலணுக்களை ஆளும் மரபணுக்களையும் இரண்டு தனி அட்டவணைகளாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. மீன் முட்டை ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, இந்த நிமிடத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் இரண்டும் ஒரே கதையாகிவிடும். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்து ஆறாம் படிவ மாணவருக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் சூடேற்றி வைத்துக் காக்கும் 28.5 பாகை செல்சியஸ் வெப்பநிலையை நம் வகுப்பறை பெரும்பாலும் செலவில்லாமலே தந்துவிடும்.

வண்ணமீன் கடையில் கிடைக்கும் சாதாரண வரியுள்ள ஸீப்ரா மீன்களையே வாங்குங்கள். ஒளிரும் நிறத்தில் விற்கப்படுபவை மரபணு மாற்றப்பட்டவை, அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வயிறு உருண்டு வெள்ளி நிறமாக இருப்பது பெண். ஒல்லியாகவும் சற்றுப் பொன்னிறமாகவும் இருப்பது ஆண். குழாய் நீரைக் குளோரின் நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். மாலையில் தொட்டியின் அடியில் கோலிகளைப் பரப்பி, ஆணையும் பெண்ணையும் தடுப்பு வைத்துப் பிரித்து, இரவு முழுவதும் இருட்டில் விடுங்கள். கோலிகளைப் பரப்பாவிட்டால் மீன்கள் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடும். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டையிடத் தொடங்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல்மீன் தொட்டிக்கான உப்பை 1 லிட்டருக்கு 40 கிராம் வீதம் கரைத்து, அதில் 1.5 மில்லிலிட்டரை 1 லிட்டர் வடிநீரில் சேர்த்தால் முட்டைகளுக்கு ஏற்ற நீர் கிடைக்கும். சுமார் 0.7 மில்லிமீட்டர் அளவுள்ள இந்தக் கரு கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், 40 மடங்கு பெருக்கும் பள்ளி நுண்ணோக்கியே போதும்.

கீழே தரும் நேரங்கள் 28.5 பாகைக்கு உரியவை. வகுப்பறை 26 பாகைக்குக் குளிர்ந்தால் 3 மணி நேர வளர்ச்சிக்கு ஏறத்தாழ 3½ மணி நேரம் ஆகும். ஆகவே கடிகாரத்தைவிட உயிரணுக்களின் எண்ணிக்கையை நம்புவதே மேல்.

கருவுற்ற 45 நிமிடத்தில் முட்டை இரண்டாகவும் 1 மணி நேரத்தில் நான்காகவும் பிரிகிறது. நான்கு உயிரணுக் கட்டத்தில் பிளவுக்கோடுகளின் நான்கு முனைகளையும் வரைபடத்தில் குறியுங்கள். வாசா, நானோஸ்3, டெட் எண்ட் ஆகிய மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான கட்டளையின் நகல், அந்த முனைகளில்தான் திரண்டிருக்கிறது. சாயமேற்றும் சிறப்பு முறையின்றி அதைக் காண முடியாது. ஆனால் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் இடத்தைச் சுட்டிக் காட்டலாம். இந்தச் சரக்கெல்லாம் முட்டை உருவாகும்போதே தாய் மீன் வைத்தது. அதைச் சினைமுட்டைக்குள் ஒன்றுதிரட்டுவது பக்கி பால் என்னும் மரபணுவின் வேலை. எலியிலோ பாலணுக்கள் பல நாள் கழித்து, அண்டைத் திசு அனுப்பும் சமிக்ஞையால் தோன்றுகின்றன.

அடுத்த இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை பிளவு நடக்கும். வரைந்துகொண்டே போனால் போதும். 3 மணி நேர அளவில், உயிரணுக்கள் ஆயிரத்தை நெருங்கும்போது, பிளவின் வேகம் தளர்ந்து கரு தன் சொந்த மரபணுக்களைப் பெருமளவில் இயக்கத் தொடங்குகிறது. இதைத் தொடக்கிவைப்பவை தாய் தந்த பௌ5எஃப்3, நானோக், சாக்ஸ்19பி ஆகிய மூன்று மரபணுக்களும் என்பதை 2013இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமானாக்கா 2006இல் முதிர்ந்த எலி உயிரணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பப் பயன்படுத்திய ஆக்ட்4, சாக்ஸ்2 ஆகியவற்றின் உறவினர்களே பௌ5எஃப்3உம் சாக்ஸ்19பியும். மூன்றின் செயலையும் ஒருசேரத் தடுத்தால் மீன் கரு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும், இரண்டு கதைகளும் சந்திப்பது இங்கேதான். மேற்சொன்ன மூன்றும் இயக்கிவிடுபவற்றுள் எம்.ஐ.ஆர்-430 என்ற சிற்றார்.என்.ஏ. ஒன்று, அது தாய் வைத்துச் சென்ற பழைய தூது ஆர்.என்.ஏ.க்களில் பலவற்றை உடலெங்கும் துடைத்தெறிகிறது. பாலணுவாகப் போகும் உயிரணுக்களிலும் அது இருக்கிறது, ஆனால் அங்கே டெட் எண்ட் புரதம் நானோஸ்3 போன்றவற்றின் தூது ஆர்.என்.ஏ. மீது அமர்ந்து அவற்றைக் காத்துவிடுகிறது. டெட் எண்ட் இல்லாத கருவில் இந்த உயிரணுக்கள் சேர வேண்டிய இடத்தைச் சேர்வதில்லை. அவற்றில் சில தசை, நரம்பு போன்ற உடல் உயிரணுக்களாகவே மாறிவிடுகின்றன. எதுவாகவும் மாறும் ஆற்றல் பாலணுவுக்குள் அடங்கியே கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஒரு மாணவருக்கு வேண்டியதில்லை. பல பாடக்குறிப்புகள் டெட் எண்டை வெறும் மலட்டு மரபணு என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வருத்தத்துக்குரியது.

மறுநாள் காலை, 24 மணி நேரக் கருவைப் பக்கவாட்டில் கிடத்தி, மஞ்சள் கருவின் உருண்டை முடிந்து குழல்போன்ற நீட்சி தொடங்கும் இடத்தைப் பாருங்கள். நான்கு இடங்களில் கிளம்பிய பாலணுக்கள் 25 முதல் 50 வரை பெருகி, அதற்கு மேலே இரு பக்கமும் கூடியிருக்கும். அவற்றை அங்கே வழிநடத்துவது சி.எக்ஸ்.சி.எல்12ஏ என்னும் சமிக்ஞைப் புரதமும், அதை உணரும் சி.எக்ஸ்.சி.ஆர்4பி ஏற்பியும் ஆகும்.

பாலணு இல்லாத ஸீப்ரா மீன்கள் எல்லாமே மலட்டு ஆண்களாக வளர்கின்றன; ஆனால் 2016இல் டெட் எண்ட் நீக்கப்பட்ட அட்லாண்டிக் சால்மனில் ஆண், பெண் இரண்டுமே தோன்றின. எனவே ஒரு மீனின் விதியை எல்லா மீன்களுக்கும் எழுதிவிடக் கூடாது. டோக்கியோவில் கோரோ யோஷிசாக்கியின் குழு 2007இல் ‘மாசு’ எனப்படும் சால்மன் இனத்தின் மலட்டு மீன்களுக்குள் வானவில் டிரவுட் மீனின் பாலணுக்களை வைத்து, அதன் வழியே டிரவுட் குஞ்சுகளையே பெற்றது. நம் ஆறுகளில் அருகிவரும் கெலா மீனைப் பற்றி ஆய்வுத்திட்டம் எழுத விரும்புவோர் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

மரபணுப் பெயர்களைச் சரிபார்க்க ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஸிஃபின் தரவுத்தளத்தில் தேடுங்கள். பழைய நூல்களில் பௌ5எஃப்3 என்பது பௌ2 என்றே இருக்கும். கவனித்து முடித்த கருக்களையும் குஞ்சுகளையும் ஓடையிலோ தோட்டத்துக் கால்வாயிலோ விட வேண்டாம். வளர்க்க நினைத்தால், மஞ்சள் கரு தீரும் ஐந்தாம் நாளிலிருந்து நுண்ணுயிர் உணவு கொடுக்க வேண்டும்.