மக்கும் பிளாஸ்டிக் கலவை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததையொட்டி, எங்கள் கொங்குப் பகுதியில் மக்கும் பை தயாரிப்பில் இறங்கியவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். எடை தவறுவது, கலவையை உருக்கித் தள்ளும் ஸ்குரூவின் வேகம் பிசகுவது போன்றவை ஒரு ஷிப்டிலேயே பிடிபட்டுவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரத்தைப் போக்காமல் இணக்கியைக் கூட்டுவது

மக்கும் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) விறைப்பானது, சில விழுக்காடு நீண்டதுமே முறிந்துவிடும். பல நூறு விழுக்காடு நீளும் பி.பி.ஏ.டி. என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கை அதனுடன் சேர்ப்பது அதற்காகத்தான். ஆனால் இரண்டும் தாமாக ஒன்றுவதில்லை. ஒன்றின் துளிகள் மற்றதற்குள் தனித்து நிற்கும். அந்த எல்லையில் பிடிப்பை உண்டாக்கவே எபாக்சி வகை இணக்கியைச் சிறிதளவு சேர்க்கிறோம்.

பெருந்துறைப் பக்கம் ஓர் ஆலையில் ஐப்பசி மழையின்போது பிலிம் கிழிந்துகொண்டே இருந்தது. "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் போட்டா ஒட்டிக்குமுங்களா?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் இணக்கியின் அளவை இரட்டித்தார்கள். விலையுயர்ந்த அந்தச் சரக்கு பிலிமெங்கும் ஜெல் புள்ளிகளாக (உருகாத சிறு கட்டிகளாக) திரண்டது, கிழிசல் நிற்கவில்லை.

காரணம், மூலப்பொருளைக் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் இருந்த ஈரம். உருகிய நிலையில் நீர், பிளாஸ்டிக் சங்கிலிகளைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுத்து, ஒவ்வோர் அறுப்பிலும் ஓர் அமில முனையை விட்டுச் செல்கிறது. சேர்த்த எபாக்சி அந்த முனைகளை ஒட்டுவதிலேயே தீர்ந்துபோவதால் எல்லையில் வேலை செய்ய மிச்சம் இருப்பதில்லை. பி.எல்.ஏ.யில் ஈரம் பத்து லட்சத்தில் 250 பங்குக்குள் இருக்க வேண்டும். மழைக்காலக் காற்றையே சூடாக்கி ஊதும் சாதாரண டிரையரால் அது கைகூடாது. பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி வரை இறங்கிய காற்றைத் தரும் ஈரநீக்கி டிரையர் வேண்டும். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் மெல்ட் ஃப்ளோ எண்ணை, அதாவது உருகிய சரக்கு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை, அளந்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். சங்கிலி அறுந்த சரக்கு தண்ணீராக ஓடும். இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

கிழங்கு மாவை அப்படியே கொட்டுவது

சேலம், நாமக்கல் ஆலைகளின் மரவள்ளி ஸ்டார்ச் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது என்பதற்காக அதை நேரே ஹாப்பரில் கொட்டுகிறார்கள். அதில் பன்னிரண்டு விழுக்காட்டையொட்டி ஈரம் உண்டு என்பதால் மேலே சொன்ன கேடு பன்மடங்காகும். ஒட்டாத மாவுத் துகள் ஒவ்வொன்றும் விரிசலுக்கு வாசல் திறக்கும். கிளிசராலுடன் வெப்பத்தில் பிசைந்து, நீராவியை வெளியேற்றி, மெலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஏற்றிய பி.எல்.ஏ.யை இணக்கியாகச் சேர்த்த பிறகே அது கலவைக்கு உதவும்.

பாலி எத்திலீன் சார்ந்த இணக்கி

மக்காது. வேண்டாம்.

வார்த்த அன்றே சோதிப்பது

பி.எல்.ஏ. அறை வெப்பநிலையில் வைத்திருக்க வைத்திருக்க மூப்படைந்து, நாள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை கூடுகிறது. அன்றைய நீட்சி எண்ணை நம்பி ஆர்டர் ஏற்காமல், ஒரு வாரம் கழித்து அதே மாதிரியை மீண்டும் இழுத்துப் பார்த்து, அந்த எண்ணையே வாங்குபவரிடம் கொடுங்கள்.