ஒரே குத்தில் மலையைச் சாய்ப்பவனுக்கு என்ன சவால் வைப்பது?

கேம் உருவாக்கும்போது நாயகன் அசுர பலசாலி என்றதும், எதிரியின் ஹெல்த்தை, அதாவது அவன் எவ்வளவு அடி தாங்குவான் என்ற அளவை, பத்து மடங்காக்கத்தான் முதலில் கை போகும். அதைச் செய்யாதீர்கள். மலையைச் சாய்க்கும் குத்தை ஒரு சாதாரண அடியாள் இருபது தடவை தாங்கினால், அந்தப் பலத்தைப் பிளேயர் அதற்குமேல் நம்பமாட்டார்.

லெவலைத் தொடங்குமுன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இவனால் எதை இழக்க முடியும்? விடை 'உயிர்' ஆக இருக்கக்கூடாது. 2006-ல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' கேமில் ஹெல்த் பார் மெட்ரோபோலிஸ் நகரத்துக்குத்தான், சூப்பர்மேனுக்கு அல்ல. 2017-ல் வந்த 'மெகாடன் ரெயின்ஃபால்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் நம்மை எதனாலும் அழிக்க முடியாது. ஆனால் மக்கள் அதிகமாக இறந்தால் ஆட்டம் முடிந்தது; குறி தவறிய நம் தாக்குதலே கட்டடங்களைத் தரைமட்டமாக்கும். பலமே ஆபத்தாகிவிடுகிறது. இந்த வகைக் கேம்களில் இதைவிட நல்ல யோசனையை நாங்கள் பார்த்ததில்லை.

எளிதில் செய்து பார்க்கக்கூடியது, ஒரே நேரத்தில் பல இடங்களில் ஆபத்து. இதற்குக் கணக்கு முக்கியம். முழு வேகத்தில் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக 6 விநாடி, ஒரு மீட்புக்கு 4 விநாடி என்று வைப்போம். முதல் இடத்துக்குப் போவதையும் சேர்த்து மூன்று இடங்களுக்கு 30 விநாடி ஆகும். முதல் முறை 36 விநாடி கொடுங்கள். வழி தேட, திரும்பிப் பார்க்க அந்த 6 விநாடி போய்விடும். பிந்தைய லெவலில் 26 விநாடியாகக் குறைத்தால் மூன்றையும் காப்பாற்ற முடியாது, தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அப்படிச் செய்வதானால் யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் மிச்சம் என்பது முன்கூட்டியே திரையில் தெரியவேண்டும். ஒருவரை இழந்ததற்காக மிஷனைத் தோற்கடிக்காதீர்கள். அந்த இழப்பைக் கதையில் சுமக்க வையுங்கள்.

பலத்தை அளந்து பயன்படுத்த வைப்பதும் நல்ல வழி. பட்டனை அழுத்திப் பிடிக்கும் நேரத்துக்கேற்ப அடியின் வேகம் கூடட்டும். அடி விழுமுன் சேதம் எதுவரை பரவும் என்று ஒரு வட்டம் காட்டுங்கள். வட்டம் இல்லாமல் தண்டித்தால், பயத்தில் எல்லோரும் மெல்லவே அடிப்பார்கள். பலசாலியாக விளையாடும் சுகமே போய்விடும்.

நாயகனை உடனே வரவிடாமல் வைப்பதும் உண்டு. 2020-ல் வந்த ஒன் பஞ்ச் மேன் கேமில், ஒரே குத்தில் எதிரியை வீழ்த்தும் நாயகன் சைட்டாமா வந்துவிட்டால் சண்டை முடிந்தது. அதனால் அவர் வரும்வரை மற்றவர்கள் தாக்குப்பிடிப்பதே ஆட்டம்.

சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. பலத்தைப் பறித்துவிட்டு அதைச் சவால் என்பது ஒன்று. பலவீனப்படுத்தும் பொருளை முழு கேமிலும் ஓரிரு முறைக்கு மேல் கொண்டுவந்தால் சலித்துவிடும். இன்னொன்று, காப்பாற்றவேண்டியவர் தானே போய் எதிரியின் முன்னால் நிற்பது. அவருக்கு ஒளியவும் ஓடவும் கற்றுக்கொடுத்த பிறகே மற்ற வேலை.

சோதிக்கும்போது நாயகனுக்கு டேமேஜே விழாதபடி வைத்து, கேமைப் பார்த்திராத ஐந்து பேரை விளையாடவிடுங்கள். யாரும் எதையும் இழக்கவில்லையென்றால் அங்கே சவாலே இல்லை. இழந்தவர்களிடம் காரணம் கேளுங்கள். 'தப்பான பக்கம் போய்விட்டேன்' என்றால் லெவல் சரி. 'என்ன நடந்ததென்றே தெரியவில்லை' என்றால் டைமரைத் தொடாதீர்கள், முதலில் அறிவிப்புகளைத் திருத்துங்கள்.