பிள்ளையின் படிப்புச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

பிள்ளையின் படிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் பள்ளியில் கட்டிய கட்டணத்தை மட்டுமே சொல்வார்கள். கணக்கை அதோடு முடித்துவிடாதீர்கள். கட்டண ரசீதுகளோடு வேன், ட்யூஷன், சீருடை, ஷூ, நோட்டுப் புத்தகம், ஆண்டுவிழா உடை வாடகை ஆகியவற்றையும் மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பத்தி ஒதுக்குங்கள்; மகனுக்கு மெட்ரிக் பள்ளி, மகளுக்கு அரசுப் பள்ளி என்று பிரித்துவிட்டு, ஆண் பெண் வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லும் வீடுகளில் அந்த இரண்டு பத்திகளே உண்மையைச் சொல்லிவிடும்.

செலவைத் தீர்மானிப்பதில் முதலிடம் பள்ளியின் வகைக்கு. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாடெங்கும் நடத்திய ஆய்வில், மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரி ஆண்டுச் செலவு அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய், பிற பள்ளிகளில் 25,002 ரூபாய். எனவே எல்.கே.ஜி. சேர்க்கையின்போது எடுக்கும் முடிவு பதினான்கு ஆண்டுச் செலவுக்கான முடிவு என்று கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிகையில் இன்னொரு முறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் இப்படி அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் கைவிடும் இந்தத் தொகை எந்த ரசீதிலும் வராது. ஆனாலும் நோட்டில் அதற்கு ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

தூரம் கூடினால் வேன் செலவும் கூடும். ட்யூஷன் விஷயம் வேறு: பிள்ளைக்குத் தேவையா, அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகவா என்று கேட்டுப் பாருங்கள். அதே ஆய்வில் 27 சதவீத மாணவர்கள் தனிப்பயிற்சிக்குப் போவதாகத் தெரியவந்தது. பதினொன்றாம் வகுப்பில் நீட் பயிற்சி சேர்ந்தால் கணக்கே மாறிவிடும் என்பதால், சிறு வகுப்புகளில் மிச்சம் பிடிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

கடைசியாக, பணம் தேவைப்படும் காலத்தைக் கவனியுங்கள். பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டி நகையை அடகு வைப்பவர்கள் பலர். அந்த வட்டியும் படிப்புச் செலவுதான். ஏப்ரலில் முதிர்வடையும்படி ஒரு தொடர் வைப்புக் கணக்கை முந்தைய ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையாக இருந்தால், அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கையும் தொடங்கலாம்; பதினெட்டு வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், மேற்படிப்புக்காக அதிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளலாம்.