பெரிட்டோனியம் புரியலையா? ஒரு பலூன் எடுங்க

வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா குடல், கல்லீரல், கிட்னின்னு எல்லாரும் சொல்லிடுவோம், ஆனா இதையெல்லாம் போர்த்தியிருக்கிற பெரிட்டோனியம்ங்கிற சவ்வு வந்தாலே பாதிப் பேரு புத்தகத்த மூடிடுவாங்க. நானும் அந்தக் கூட்டம்தான், படத்த பாத்து மனப்பாடம் பண்றதும் மறுநாள் மறக்கறதுமா இருந்தேன், கடைசில ஒரு பலூன்லதான் விஷயம் புரிஞ்சுது.

ஸ்டெப் 1: முதல்ல ரூம பாருங்க
வயித்தறைக்கு கூரை டயஃப்ரம் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை), தரை இடுப்புக்கூட்டோட அடித்தசைங்க, பின்சுவர் முதுகெலும்பும் அதை ஒட்டின தசையும், முன்னாடி வயித்துத்தசை. டயஃப்ரம் குடை மாதிரி மேல வளைஞ்சிருக்கு, அதனால கல்லீரலும் மண்ணீரலும் விலா எலும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

ஸ்டெப் 2: பலூன்
பாதி மட்டும் ஊதி முடிச்சு போடுங்க. இப்ப முஷ்டிய மடக்கி பலூனுக்குள்ள மெதுவா அமுக்குங்க. கைய ஒட்டிப் போத்தியிருக்கிற ரப்பர் விசரல் லேயர், வெளிய சுத்தி இருக்கிறது பெரைட்டல் லேயர், நடுவுல காத்து இருக்கிற இடம்தான் பெரிட்டோனியல் குழி. சரி, உங்க கை பலூனுக்குள்ள இருக்கா? இல்லல்ல! குடலும் அப்படித்தான், குழிய வெளிய இருந்து தள்ளிக்கிட்டு நிக்குது. இது ஒண்ணு மண்டைல ஏறிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்.

நிஜத்துல உள்ள காத்து கிடையாது, ரெண்டு லேயரும் ஒட்டியே இருக்கும், நடுவுல சாதாரணமா 50 மில்லிக்கும் கம்மியாதான் தண்ணி மாதிரி ஒரு திரவம், குடல் உரசாம வழுக்கிட்டுப் போக. இதே இடத்துல லிட்டர் கணக்குல நீர் சேர்ந்தா அதத்தான் அஸைட்டிஸ்னு சொல்றாங்க. ஆண்களுக்கு இது முழுசா மூடின பை, பெண்களுக்கு ஃபெலோப்பியன் குழாய் வழியா வெளிய ஒரு பாதை உண்டு.

ஸ்டெப் 3: மணிக்கட்ட பாருங்க
கை உள்ள நுழையற இடத்துல ரெண்டு பக்க ரப்பரும் நெருங்கி வருதுல்ல, அதான் மெசென்ட்ரி. உங்க கைக்கு ரத்தம் மணிக்கட்டு வழியா போற மாதிரி குடலுக்கான ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் இந்த ரெட்டை மடிப்புக்கு நடுவுலதான் போகுது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர், ஆனா அதோட மெசென்ட்ரி பின்சுவர்ல ஒட்டியிருக்கிற வேர் வெறும் 15 சென்டிமீட்டர்தான், கொசுவம் வச்ச துணிய நினைச்சுக்கோங்க, மேல சுருக்கிப் பிடிச்சிருக்கு, கீழ விரிஞ்சு ஆடுது.

ஸ்டெப் 4: சுவத்துக்கும் பலூனுக்கும் நடுவுல
பலூன சுவத்துல சாச்சு, நடுவுல ஒரு ரப்பர் துண்ட செருகுங்க. முன்பக்கம் மட்டும்தான் பலூன் தொடுது, முழுசா போத்தல. இப்படி பின்னாடி இருக்கிறதுதான் ரெட்ரோபெரிட்டோனியல்: கிட்னி, யூரேட்டர் (கிட்னில இருந்து மூத்திரப்பைக்குப் போற குழாய்), அயோர்ட்டா (இதயத்துல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்), கணையம் (வால் தவிர), டியோடினத்தோட (சிறுகுடலோட முதல் பகுதி) பெரும்பகுதி, ஏறுற பெருங்குடலும் இறங்குற பெருங்குடலும். லிஸ்ட்ட நெட்டுரு போடாதீங்க, ஏன்னு யோசிங்க. கிட்னி ஆபரேஷன பெரிட்டோனியத்த திறக்காம முதுகுப்பக்கமா பண்ண முடியறது இதனாலதான்.

ஸ்டெப் 5: ஓமெண்டம்
இரைப்பைல இருந்து குடலுக்கு முன்னாடி ஏப்ரன் மாதிரி தொங்கற கொழுப்பு மடிப்பு. எங்கயாவது அழற்சி வந்தா அங்க போய் ஒட்டி சுத்தி வளைச்சுக்கும், அதனால வயித்தோட போலீஸ்காரர்னு பேரு.

ஸ்டெப் 6: வலிய வச்சு செக் பண்ணுங்க
விசரல் லேயருக்கு வலி எங்கன்னு சரியா சொல்லத் தெரியாது, பெரைட்டல் லேயர் விரல் வச்சு காட்டும். அதான் அப்பெண்டிக்ஸ் வீங்கறப்ப முதல்ல தொப்புள சுத்தி மந்தமா வலிக்கும், வீக்கம் பெரைட்டல் லேயர தொட்டதும் வலி வலது பக்கம் கீழ வந்து உக்காந்துக்கும். உங்களுக்கே வலி இப்படி இடம் மாறுச்சுன்னா பலூன கீழ போட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.