குதிகால் வலிக்கு ஒரு துண்டும் ஒரு வாசற்படியும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்று குத்தும். பத்து இருபது அடி நடந்தால் தணியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். இப்படி இருந்தால் பெரும்பாலும் பிளான்டர் ஃபேசியைட்டிஸ்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த பட்டை, எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது. குதிகாலின் அடியில், உட்புறமாகக் கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் அகப்படும்.

சேலத்தில் விசைத்தறிக் கூடத்தின் சிமெண்ட் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு இது வரும். பட்டறையில் மணிக்கணக்கில் சம்மணமிட்டுக் கொலுசு வேலை பார்ப்பவர்களுக்கு எழும்போதுதான் வலி தெரியும். ஏற்காட்டு எஸ்டேட் சரிவுகளில் ஏறுபவர்களுக்குக் காரணம் வேறு: ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து முன்பாதம் உயர்வதால் கெண்டைக்கால் இழுபட்டு, அந்த இழுப்பு பட்டை வரை போகிறது.

எக்ஸ்ரேயில் 'முள் வளர்ந்திருக்கிறது' என்றால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருடைய குதிகாலிலும் அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்று நினைப்பது தவறு.

முதல் பயிற்சி, கால் தரையில் படுவதற்கு முன்பே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற முழங்கால் மேல் போடுங்கள். ஐந்து விரல்களையும் அடியோடு பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். மற்ற கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை முறுக்கிய கயிறு போல விறைத்திருக்க வேண்டும். 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்த வேலைக்காரர்கள் எழுவதற்கு முன்பும் செய்யலாம். விரல் நுனியை மட்டும் இழுத்தால் பட்டை இழுபடாது. பாத்ரூம் போய்விட்டு வந்து செய்தால் பாதிப் பலன் போயிற்று, ஏனென்றால் அந்த முதல் அடிதான் பட்டையைப் பதம் பார்க்கிறது.

கெண்டைக்காலுக்குச் சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து முழங்காலை நீட்டியபடி 30 விநாடி, மூன்று முறை. பிறகு அதே முழங்காலைச் சற்று மடக்கி இன்னும் மூன்று முறை. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பக் கூடாது.

இனி முக்கியமான வேலை. பலர் நீட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நைந்த பட்டை கெட்டிப்பட அதன் மேல் அளவோடு பாரம் ஏற்ற வேண்டும். 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், இப்படிப் பாரம் ஏற்றியவர்கள் வெறுமனே நீட்டியவர்களைவிட மூன்றாவது மாதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. ஆக, சீக்கிரம் குணமாவதற்கான வழி இது.

வாசற்படியின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். விரல்கள் துண்டின் மேல் மேல்நோக்கி வளைந்திருக்க, முன்பாதம் படியிலும் குதிகால் வெளியே தொங்கியபடியும் நில்லுங்கள். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளலாம். 3 விநாடியில் எழும்பி, உச்சியில் 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். ஒற்றைக் காலால் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம்.

12 முறைக்கு மேல் முடியாது என்கிற அளவு பாரத்தோடு மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் அரிசியோ புத்தகமோ போட்டுப் பாரத்தைக் கூட்டி 10 முறை, நான்கு சுற்று. மேலும் இரண்டு வாரம் கழித்து 8 முறை, ஐந்து சுற்று. செய்யும்போது பத்துக்கு நான்கு ஐந்து அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி வழக்கத்தைவிடக் கூடினால் பாரத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். தினமும் செய்தால் சீக்கிரம் ஆறும் என்பதும் தப்புக் கணக்கு.

வீட்டுக்குள் வெறுங்காலோடு கிரானைட், டைல்ஸ் தரையில் நடந்துகொண்டே மேற்சொன்னதையெல்லாம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். வீட்டுக்கு மட்டும் என்று ஒரு ஜோடி செருப்பைக் கட்டிலடியிலேயே வையுங்கள். பூஜையறை வாசலில் கழற்றிக்கொள்ளலாம். குதிகால் தேய்ந்த ஹவாய் செருப்பு உதவாது. சிலிகான் குதிகால் மெத்தை வாங்கினால் இரண்டு காலுக்கும் போடுங்கள்.

சூடாக்கிய செங்கல் மேல் எருக்கிலை போட்டு மிதிப்பது நம் பக்கத்துப் பழக்கம். சூட்டில் சற்று நேரம் இதமாக இருக்கும், பட்டை அதனால் ஆறிவிடாது. சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. கொப்பளம் வந்த பிறகுதான் சூடே தெரியும். உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பத்து நிமிடம் காலடியில் உருட்டும் வைத்தியமும் அவர்களுக்கு ஆகாது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டையே அறுந்தும் போகலாம்.

காலை முதல் அடியின் வலிக்குக் காலண்டரில் பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்து, வாரக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு நாள் ஏறி இறங்குவது சகஜம். குறைந்தது மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம்.

குதிகாலை இரு பக்கமிருந்தும் அமுக்கினால் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். உள்ளங்கால் மரத்தாலோ எரிந்தாலோ நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பும் விறைத்திருக்கும் இளவயதுக்காரர்கள் வாதநோய் மருத்துவரிடம் போக வேண்டும். இவர்கள் யாரும் பரிசோதனை முடியும்வரை படியில் ஏறிப் பாரம் தூக்க வேண்டாம்.